கிடாரத்துக்கு எலும்பு வந்த வருசம்

பிள்ளைகள், இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். மூத்தவளே, உனக்கு இதை வாசித்து முடிக்க ஒரு மணித்தியாலம் எடுக்கும். இளையவள் "அக்கா, நீ வாசி, நான் கேக்கிறன்" என்று உன் பக்கத்தில் வந்து படுத்துவிடுவாள். பரவாயில்லை. வீட்டுக்கு வருகிற ஜேர்மன் கடிதங்களை இவ்வளவு காலமும் நீங்கள்தான் எனக்கு வாசித்துக் காட்டுகிறீர்கள். இந்த ஒன்றை நான் எழுத, நீங்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

அப்படி வந்த ஒரு கடிதத்தைப் பற்றித்தான் இது. போன வருசம் ஜூன் கடைசியில் ஒரு நாள் நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழட்டிக்கொண்டு நிற்க, மூத்தவள் தபால்பெட்டியில் கிடந்ததை அள்ளிக்கொண்டு வந்தாள். காப்புறுதிக் கடிதம், பல்வைத்தியர் கடிதம், பிறகு என்னுடைய தொழிற்சாலையின் உறை. வழமைபோல உடைத்து வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் குரல் இறங்கிவிட்டது.

"அப்பா, உங்களுக்கு ஒரு டேர்மின் தந்திருக்கினம். செவ்வாய்க்கிழமை ரெண்டரைக்கு. நீங்கள் சோஸை ருசி பாக்காமல் பாத்ததெண்டு எழுதினீங்களாம். வேலையால நிப்பாட்டவும் கூடுமெண்டு கடைசியில போட்டிருக்கு."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "பொய் எழுதினீங்களோ?"

நான் சொன்ன மறுமொழி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "அது வேலை விசயம். நீ போய் வீட்டுப்பாடத்தைச் செய்."

பொய் சொல்லக்கூடாது என்று உங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். நீ அன்றைக்குக் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு வடிவான மறுமொழியை இப்போது எழுதுகிறேன்.

ஓம். எழுதினேன். ஒன்பது நாள். ஆனால் அந்தக் கடிதத்தில் இருந்தது எல்லாம் உண்மையில்லை. எது என்னுடைய பொய், எது அவர்களுடைய பொய் என்று பிரித்துக் காட்டத்தான் இவ்வளவும்.

உங்களுடைய அப்பா சோஸ் காய்ச்சுகிறவன். இறைச்சி வறுவலுக்கு மேலே ஜேர்மன்காரர் ஊற்றுகிற கபில நிறச் சோஸ். இரண்டாள் உயரக் கிடாரம் ஒன்று என் பொறுப்பு. அவர்கள் அதைக் கெஸல் என்பார்கள். எனக்குக் கோயில் மடப்பள்ளியில் பார்த்த கிடாரம்தான் ஞாபகம் வரும், ஆனபடியால் கிடாரம். ஒரு ஷிப்டுக்கு நான்கு தரம் காய்ச்சி இறக்குவேன். ஒவ்வொரு தரமும் ஒருமுறை பாவித்து எறிகிற மரக்கரண்டியால் ஒரு சொட்டு உப்புப் பார்த்து, தாளில் 'ருசி' என்ற கட்டத்தில் சரி போடவேண்டும். அதற்குப் பிறகுதான் சோஸ் குழாயால் போத்தலுக்குப் போகும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது சமையலே இல்லை, சாக்கு உடைக்கிற வேலை. தண்ணீரை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிற ஒரு வெள்ளை மா. நிறத்துக்கு ஒன்று. நாக்கில் நீர் ஊற வைக்கிறதற்கு உப்பு மாதிரி ஒரு தூள். பிறகு மாட்டின் படம் போட்ட சின்னச் சாக்கு ஒன்று, அதைப் பிரித்தால் முழு மண்டபமும் பொரித்த இறைச்சி மணக்கும். நிறுத்துக் கொட்டி, பொத்தானை அமத்திவிட்டு நிற்கவேண்டியதுதான். தை மாதமும் ஆடி மாதமும் ஒரே ருசி. என்னுடைய இடத்தில் ஒரு கதிரையை வைத்திருந்தாலும் சோஸ் வந்திருக்கும்.

சேர்ந்த முதல் வருசம் இங்கே ஊன்ட்றொப் கோயில் அம்மனுக்குத் திருவிழாக் கொடி ஏறியது. உங்களுக்குத் தெரியும், கொடியேற்றம் தொடங்கித் தீர்த்தம் மட்டும் எங்கள் வீட்டில் மச்ச மாமிசம் இல்லை. நான் போய் ஆய்வுகூடத்தில் இருக்கிற பெண்ணிடம், அந்தத் தூளில் மாடு இருக்கிறதா என்று கேட்டேன். அவ சிரிசிரி என்று சிரித்தா. "ஈஸ்ட்டும் வாசனையும்தான். மாடு அந்தச் சாக்குக்குப் பக்கத்தால நடந்துகூடப் போயிருக்காது" என்றா. எனக்குப் பெரிய நிம்மதி. விரதத்தோடேயே மாட்டுச் சோஸை உப்புப் பார்த்தேன், வருசா வருசம்.

அப்போது பக்கத்துக் கிடாரத்தில் நின்றவர் மன்னார் அண்ணை. பெர்லின் சுவர் இருந்த காலத்தில் கிழக்குப் பக்கத்து ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இந்தப் பக்கம் வந்த ஆள். வேதக்காரர். அவர் சொல்லுவார்: "தம்பி, இந்தச் சோஸ் உன்னைவிடச் சைவமடா. நீ புரட்டாசிச் சனிக்கு இதைத்தான் குடிக்க வேணும்."

அப்படியே போயிருக்கும். உங்களைப்போல ஆட்கள் போத்தலைத் திருப்பிப் பின்பக்கம் வாசிக்கத் தொடங்கியிராவிட்டால்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்றொரு நாள் கடையில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? இளையவள் எங்களுடைய சோஸ் போத்தலையே எடுத்துத் திருப்பி, விரல் வைத்து எண்ணினாள். "அப்பா, இதுக்குள்ள பதினேழு சாமான் இருக்கு. ஆறின்ர பேர் எனக்கு வாசிக்கவே ஏலாது. அதுவும் ஜேர்மன்தானோ?" அம்மா சொன்னா: "கொப்பர் காய்ச்சினதடி. வை அங்கை." மூத்தவள் போத்தலை வாங்கித் தட்டிலே வைத்துவிட்டு, "எண்டாலும் நாங்கள் இதை வாங்கேல்லை" என்றாள். நான் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னுக்குப் போய்விட்டேன். காசாளரிடம் நின்றபோதும் முகம் சூடாகத்தான் இருந்தது.

நாடு முழுக்க அப்படித்தான் போலிருக்கிறது. எங்களிடம் வாங்குகிற பெரிய கடைக்காரர், பின்பக்கத்தில் வீட்டுக் குசினியில் இல்லாத சாமான் ஒன்றும் இருக்கக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். உற்பத்தி மேலாளர் எங்களைச் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டுப் புதுப் போத்தலைக் காட்டினார். பதினேழு எட்டாகியிருந்தது. தண்ணீர், மாட்டெலும்பு, வெங்காயம், கரட், செலறிக் கிழங்கு, பட்டர், மா, உப்பு. மூடியில் 'வீட்டில் காய்ச்சினதுபோல' என்று சாய்வெழுத்தில் போட்டிருந்தது. எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து உங்களிடம் பெருமையாகச் சொன்னதும் நான்தான்.

எட்டுச் சாமான் என்றால் வேலை குறையும் என்று எல்லாரும் நினைத்தார்கள். சாக்குகள் போனபோது சாக்குகள் செய்த வேலை போகவில்லை. அது எங்களுடைய தலையில் வந்து இறங்கியது. அந்த வெள்ளை மா போனவுடன் சோஸ் திரைந்தது, தண்ணீர் ஒரு பக்கம் பட்டர் ஒரு பக்கம். சாதாரண மாவைக் கெதியாகக் கொட்டினால் கட்டி, ஆறுதலாகக் கொட்டினால் அடிப்பிடி. எலும்பை முதல்நாளே அவியப் போடவேண்டும். அந்த மணம் தலைமயிருக்குள் ஏறி, அம்மா என்னைக் குளியலறை வாசலிலேயே உடுப்பு மாற்ற வைத்தா. முன்பு கதிரையால் ஏலக்கூடிய வேலைக்கு இப்போது கண் வேண்டும், கை வேண்டும், நாக்கு வேண்டும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வேலை பிடித்தது. அவ்வளவு வருசத்தில் முதல்முறையாக என்னிடம் 'என்ன வேலை' என்று கேட்டவர்களுக்கு 'சமைக்கிறேன்' என்று சொன்னேன்.

கரைச்சல் தந்தது வெங்காயம். வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டிக் கபிலமாக வதக்கினால்தான் சோஸுக்கு நிறமும் ருசியும். செய்முறைத் தாளில் இருபத்தாறு நிமிடம் என்று இருந்தது. வெங்காயத்துக்கு எங்கே அந்தத் தாள் தெரியும்? ஒரு லொறியில் வருவது இனிப்பு, அது இருபது நிமிடத்தில் கறுக்கத் தொடங்கும். அடுத்த லொறியில் வருவது ஈரம், முப்பதிலும் வெளிறிப்போய்க் கிடக்கும். நான் ஷிப்ட் புத்தகத்தில் எழுதினேன், எனக்குத் தெரிந்த ஜேர்மனில், மூன்று தரம். 'வெங்காயம் இனிப்பு. நிமிடம் சரியில்லை. நிறம் பார்த்து நிறுத்தவேண்டும். தயவுசெய்து வந்து பாருங்கள்.' ஷிப்ட் பொறுப்பாளரிடம் வாயாலும் சொன்னேன்.

"செய்முறை அங்கீகரிச்சாச்சு" என்றார். "நிமிடத்தை மாற்றவேண்டாம்."

மாற்றவில்லை. இதை ஞாபகம் வைத்திருங்கள்.

இனி என்னுடைய பிழைக்கு வருகிறேன்.

புதுச் சோஸ் மாசியில் தொடங்கியது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மன்னார் அண்ணை தன் கிடாரத்தடியில் நின்று கூப்பிடுவார்: "தம்பி, இண்டைக்கு வெள்ளி. முந்தி இதுக்குள்ள மாடு இல்லை, எனக்கும் பாவம் இல்லை. இப்ப உண்மையா மாடு. வந்து ஒருக்கா உப்புப் பாத்திட்டுப் போ." நான் போய்ப் பார்ப்பேன். "உப்புக் காணும், போதும் அண்ணை" என்றால், அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வால்வைத் திறப்பார்.

மேயில் அவருக்கு முழங்கால் ஏலாமல், போத்தல் நிரப்புகிற பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஜூனில் அம்மனுக்குக் கொடி ஏறியது. முதல் நாள் காலை நான் மரக்கரண்டியை எடுத்துச் சோஸில் தோய்த்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், நின்றுவிட்டேன். கிடாரத்தின் அடியில் எலும்பு கிடக்கிறது. நானே போட்டது.

அண்ணையைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் நின்ற இடத்துக்கு ஐம்பது அடி. ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதென்றால் கை கழுவி, மேலங்கி மாற்றி, திரும்பி வந்து இன்னொரு தரம் கழுவி மாற்றவேண்டும். ஷிப்ட் பொறுப்பாளரிடம் கேட்டிருக்கலாம். 'எங்களுடைய கோயில், கொடி, விரதம்' என்று அவருக்கு எங்கேயிருந்து தொடங்குவது என்று விட்டுவிட்டேன். பஞ்சியும் சோம்பலும் வெட்கமும், வேறொன்றுமில்லை.

இன்னொன்றும் இருந்தது. நான் திருவிழாவுக்குக் கோயிலில் அன்னதானச் சமையலுக்கு நிற்கிறவன். அங்கே ஒருவரும் உப்புப் பார்ப்பதில்லை. அம்மனுக்குப் படைக்கமுதல் வாயில் வைக்கக்கூடாது. மணந்துகூடப் பார்க்கக்கூடாது என்பார்கள், ஆனால் ஆவி முகத்தில் அடிக்கும்போது மூக்கை என்ன செய்வது? அந்த ஆவியிலேயே எனக்குச் சாம்பாரின் உப்பு விளங்கும். ஆயிரம் பேருக்குக் காய்ச்சியிருக்கிறேன், ஒரு முறைப்பாடு இல்லை. அந்தத் திமிரில் தொழிற்சாலையிலும் ஆவியை மணந்தேன். நல்ல மணம். கரண்டியைக் குப்பையில் போட்டுவிட்டு, 'ருசி' என்ற கட்டத்தில் சரி போட்டேன்.

அம்மனுக்குப் படைத்ததை ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்து முறைப்பாடு சொல்ல மாட்டார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒரு வருசம் சாம்பாரில் உப்புக் கூடித்தான் இருந்தது. எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஒன்பது வேலைநாள். முப்பத்தாறு தரம். முப்பத்தாறு சரி. எட்டாவது நாள் வந்த வெங்காயம் நல்ல இனிப்பு. இருபத்தாறு நிமிடம் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். கறுத்துவிட்டது. கசப்புக்கு மணம் இல்லை, பிள்ளைகள். கருகல் மணம் அந்த மண்டபத்தில் காலையிலிருந்தே ஏறி நின்றது, என் மூக்கு அதைப் பிரித்துத் தரவில்லை. நாக்கு என்றால் பிரித்திருக்கும்.

இரண்டு கிழமைக்குள் கடைகளில் போத்தல்கள் திரும்பி வந்தன. ஒருவருக்கும் நோய் வருத்தம் வரவில்லை, கசப்பு மட்டும்தான். ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு கிடாரத்திலிருந்தும் ஒரு போத்தல் எடுத்து வைத்திருப்பார்கள். அதைத் திறந்து பார்த்தார்கள், கைப்பு. தாளைப் பார்த்தார்கள், ருசி சரி. அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதம் எங்கள் தபால்பெட்டிக்கு வந்தது.

அம்மா இரண்டு நாள் என்னோடு வாதாடினா. நீங்கள் அறைக்குள் இருந்து கேட்டிருப்பீர்கள்.

"என்ன பேப்பரைத் தந்தாலும் கையெழுத்தை வையுங்கோ. மன்னிப்புக் கேளுங்கோ. அவ்வளவுதான்."

"செய்ததுக்கு வைப்பன். செய்யாததுக்கு ஏன்?"

"உங்கட ரோசத்தைப் பொரிச்சே பிள்ளையளுக்குக் குடுக்கிறது?"

இந்த வயதில், பாதிப் படிப்போடு, இன்னொரு கிடாரத்தைத் தேடிப் போகிறது லேசில்லை என்று எனக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை, நீள மேசை. ஒரு பக்கம் உற்பத்தி மேலாளர், ஆட்சேர்ப்புப் பகுதிப் பெண், ஷிப்ட் பொறுப்பாளர், ஆய்வுகூடப் பெண். என் பக்கத்தில் தொழிலாளர் சபையிலிருந்து வந்த பெண், ஜேர்மன்காரி, கட்டையான ஆள், ஒரு பை நிறையத் தாள். மேலாளர் மேசையில், இன்னும் முக்கால்வாசி நிரம்பிக் கிடந்த ஒரு மரக்கரண்டிப் பெட்டியை வைத்தார். "உங்களுடைய இடத்தில் இருந்தது. மற்றவர்கள் இரண்டு பெட்டி முடித்திருக்கிறார்கள்" என்றார்.

"கரண்டியை எண்ணத் தேவையில்லை" என்றேன். "ஒன்பது நாள் நான் வாயில் வைக்கவில்லை. மணந்து பார்த்துவிட்டுச் சரி போட்டேன். அது பிழை."

ஏன் என்று கேட்டார்கள். விரதம் என்றேன். ஆட்சேர்ப்புப் பகுதிப் பெண் அன்பாகத்தான் கேட்டா: "ஆனால் இத்தனை வருசம் இந்த நாட்களிலும் ருசி பார்த்திருக்கிறீர்களே?"

"ஓம். அப்போது அதற்குள் மாடு இல்லையே."

பழைய போத்தலின் முன்பக்கத்தில் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டின் படம் இருந்தது எல்லாருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆய்வுகூடப் பெண் இருமினா. மேலாளர் யன்னலைப் பார்த்தார். தொழிலாளர் சபைப் பெண் தாளில் ஏதோ எழுதினா, அவவுடைய தோள் குலுங்கியது.

"வேறு யாரும் இப்படிச் செய்கிறார்களா?" என்று ஷிப்ட் பொறுப்பாளர் கேட்டார்.

"நான் என்னுடைய கையைப் பற்றிச் சொல்ல வந்தேன். மற்றவர்களுடைய கையை அவரவரிடம் கேளுங்கள்."

பிறகு கடிதத்தைத் தள்ளினார்கள். அப்மானுங். வேலையை விட்டு நிறுத்த முதல் தருகிற எச்சரிக்கைக் கடிதம். இரண்டு வசனம். எனக்கு வாசிக்கப் பஞ்சிதான், ஆனாலும் விரல் வைத்து வாசித்தேன், இளையவள் போத்தலை வாசித்த மாதிரி. முதலாவது: ருசி பார்க்காமல் சரி போட்டார். அது சரி. இரண்டாவது: வெங்காயம் வதக்கும் நேரத்தைச் செய்முறைக்கு மாறாக நீட்டினார்.

பேனையை மூடி வைத்தேன்.

"இரண்டாவது நான் செய்யவில்லை."

"வெங்காயம் கருகியிருக்கிறது" என்றார் மேலாளர்.

"ஓம். இருபத்தாறு நிமிடத்தில் கருகியது. நீங்கள் சொன்ன இருபத்தாறு."

"இது ஒரே கடிதம். பாதிக்குக் கையெழுத்து வைக்க ஏலாது."

"அப்படியென்றால் வேறு கடிதம் எழுதுங்கள். என் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்துவிட்டது, எனக்கு நேரம் இருக்கிறது. ஒன்பது நாள் பொய் எழுதினேன். பத்தாவது பொய்யை இந்த மேசையில் எழுத மாட்டேன்."

என் ஜேர்மன் உங்களுக்குத் தெரியும். வினைச்சொல் எங்கே போனதோ தெரியாது. ஆனால் எல்லாருக்கும் விளங்கியது.

தொழிலாளர் சபைப் பெண் எழும்பினா. "ஷிப்ட் புத்தகம் எங்கே?" அவவே கீழே போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தா. பங்குனி, சித்திரை, வைகாசி. மூன்று இடத்திலும் என்னுடைய கோணல் எழுத்து. உரத்து வாசித்தா. வெங்காயம் இனிப்பு. நிமிடம் சரியில்லை. தயவுசெய்து வந்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே 'பார்த்தேன்' என்று ஷிப்ட் பொறுப்பாளரின் ஒப்பம்.

நான் அவரைப் பார்த்துக் கேட்டேன். "நீங்கள் வந்து பார்த்தீர்களா?"

அவருடைய கழுத்துச் சிவந்தது. "வேலை கூடுதலான நாட்கள்" என்றார்.

"நான் ருசி பார்க்காமல் பார்த்ததாகப் போட்டேன். நீங்கள் வெங்காயத்தைப் பார்க்காமல் பார்த்ததாகப் போட்டீர்கள். இரண்டும் ஒரே சரி. கடிதம் ஏன் எனக்கு மட்டும்?"

வாயைத் திறந்தது திறந்ததுதான் என்று மிச்சத்தையும் சொன்னேன். "மூடியில் வீட்டில் காய்ச்சினதுபோல என்று போட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஒருவரும் மணிக்கூட்டைப் பார்த்து வெங்காயம் வதக்குவதில்லை. வெங்காயத்தைப் பார்த்துத்தான் வதக்குவார்கள். வீட்டுச் சாமான் வேண்டுமென்றால் வீட்டுக் கண்ணும் வேண்டும். அது சாக்கில் வராது."

வெளியே போய் இருக்கச் சொன்னார்கள். ஒரு மணித்தியாலம். பிறகும் முடிவில்லை, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். முடிவுக்குப் பத்து நாள் காத்திருந்தேன். வேலைக்குப் போனேன், கிடாரம் காய்ச்சினேன், தீர்த்தம் முடிந்திருந்தபடியால் ஒவ்வொரு தரமும் வடிவாக உப்புப் பார்த்தேன். ஷிப்ட் பொறுப்பாளர் என்னோடு கதைக்கவில்லை. மன்னார் அண்ணை சாப்பாட்டு அறையில் வந்து பக்கத்தில் இருந்தார்.

"அம்பது அடி, தம்பி. ஒரு சத்தம் போட்டிருந்தால் நொண்டி நொண்டியெண்டாலும் வந்திருப்பன். உன்ர அம்மனுக்கு நான் ஒரு கரண்டி குடிச்சிருக்க மாட்டனே?"

"வெக்கமாயிருந்தது அண்ணை."

"அவையிட்டைச் சொல்ல வெக்கப்படலாம். என்னட்டையுமே?" என்று சொல்லி, தன் பாண் துண்டில் பாதியை என் தட்டில் வைத்தார். அந்தப் பத்து நாளிலும் என்னைச் சுட்டது அந்த ஒரு கேள்விதான். மேலாளரின் மேசை சுடவில்லை.

பத்தாம் நாள் புதுக் கடிதம் வந்தது. ஒரே ஒரு வசனம், முதலாவது. இரண்டாவது இல்லை. அங்கேயே நின்று கையெழுத்து வைத்தேன். அது தொழிற்சாலை வைத்திருக்கிற என்னுடைய கோவையில் இருக்கும், இருக்கட்டும். இன்னொரு முறை அப்படிச் செய்தால் வேலை போகும், போகட்டும், நியாயம்.

ஆடிக்குள் சில மாற்றம் வந்தது. வெங்காயம் வதக்குகிற இடத்தில் இப்போது ஒரு நிறமட்டை தொங்குகிறது, வெளிறல் தொடங்கிக் கபிலம் வரை ஐந்து நிறம். நிமிடம் எழுதுகிற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள், காய்ச்சுகிறவர் நிறத்தைப் பார்த்துத் தானே எழுதவேண்டும். 'ருசி' என்ற கட்டத்தில் சரி போட ஏலாது, யார் ருசி பார்த்தது என்று பெயர் எழுதவேண்டும். இந்த வருசத் திருவிழாவில் அந்தக் கட்டத்தில் ஆய்வுகூடப் பெண்ணின் பெயர் இருந்தது. ஒவ்வொரு தரமும் கரண்டியை வாயில் வைத்துவிட்டு, "உன்னுடைய தெய்வத்துக்காக நான் கொழுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவா. இதெல்லாம் என்னால்தான் வந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்லுகிறேன்.

அதனால், பிள்ளைகள், போத்தலைத் திருப்பி வாசியுங்கள். வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். நீங்கள் வாசித்தபடியால்தான் அந்தச் சாக்குகள் போயின, நான் சமையல்காரன் ஆனேன். ஆனால் எட்டுச் சாமான் என்று இருந்தவுடன் அது உண்மையான போத்தல் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கைத்த போத்தலிலும் எட்டுத்தான் இருந்தது. ஒன்றும் பொய்யில்லை, பின்பக்கம் முழுக்க உண்மை. பொய் இருந்தது என்னுடைய தாளில், இன்னும் ஒருவருடைய புத்தகத்தில். அதை எந்தப் போத்தலிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

நாளைக்கு உங்களுக்கும் ஒரு மேசையில் ஒரு தாளைத் தள்ளுவார்கள். செய்ததற்குக் கையெழுத்தை வையுங்கள், வெட்கமாக இருந்தாலும் வையுங்கள். செய்யாததற்கு வைக்காதீர்கள். அம்மா சொன்னாலும் வைக்காதீர்கள். இதை அம்மாவும் வாசிப்பா என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

புதுக் கடிதத்தோடு அந்த ஒன்பது நாளின் தாள்களையும் பிரதி எடுத்து எனக்குத் தந்திருந்தார்கள். சனிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் அம்மாவும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனபிறகு, அதைக் குசினி மேசையில் விரித்தேன். என் சட்டைப்பையில் தொழிற்சாலைப் பேனை ஒன்று தவறி வந்திருந்தது. இரும்பு கலந்த நீலப் பேனை, உடைந்து சோஸுக்குள் விழுந்தாலும் இயந்திரம் பிடித்துவிடும். அதால் முதலாவது சரியைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் 'மணந்தது மட்டும்' என்று தமிழில் எழுதினேன். இரண்டாவதையும் வெட்டினேன். அந்தப் பிரதி ஒருவருக்கும் தேவையில்லை, ஒரு கோவைக்கும் போகாது. முப்பத்தாறையும் வெட்டினேன். எட்டாவது நாளின் தாளில் மட்டும், மணந்தது என்றதற்குக் கீழே, 'கசப்பு' என்று இன்னொரு சொல் சேர்த்தேன். பிறகு தாள்களை மடித்து, பேனையைத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுப்பதற்காக வேலைச் சட்டையின் பையிலேயே வைத்தேன்.